8 கேம், 1 சேக்: ரூக்கி பாஸ் ரஷ்ஷர எடைபோட நான் காசு கட்டுன ஃபிலிம் சர்வீஸ் எப்படி இருக்கு?

மொதல்லயே சொல்லிடறேன், இது நான் சொந்தக் காசு கட்டி அஞ்சு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து பாத்துட்டு எழுதுற ரிவ்யூ, யாரும் ஓசில குடுக்கல. புதுசா படிக்கிறவங்களுக்கு: இது அமெரிக்கன் ஃபுட்பால், அதோட பெரிய லீக் தான் என்எஃப்எல். பந்த வீசுறவன் குவாட்டர்பேக், அவன பிடிக்க பாயுறவன் பாஸ் ரஷ்ஷர், பந்த வீசுறதுக்குள்ள அவன கீழ தள்ளிட்டா அது சேக், ரூக்கின்னா மொத சீசன் ஆடுறவன். சர்வீஸ் பேரு போடல, ஏன்னா கீழ சில குறை சொல்லப்போறேன். எங்க டீம் இந்த வருஷ டிராஃப்ட்ல (காலேஜ் பசங்கள டீமுங்க முறை வெச்சு எடுக்கறது, ஒரு முறைக்கு பேரு பிக்) மொத ரவுண்ட்ல எடுத்த பையன் பேரும் போடல, 22 வயசு பையனுக்கு 8 கேம்ல முத்திரை குத்தி அது அவன் பேரோட நெட்ல சுத்திட்டே இருக்குறது எனக்கு சரியா படல.

சர்வீஸ்ல என்ன தர்றாங்கன்னா, என்எஃப்எல்ல நடக்குற ஒவ்வொரு கேமோட ஆல்-22 ஃபிலிம், அதாவது களத்துல இருக்குற 22 பேரும் ஒரே ஃப்ரேம்ல தெரியுற, கோச்சுங்க பாக்குற அந்த வீடியோ. ஒரே ஸ்னாப்ப (பந்த பின்னாடி குடுத்து தொடங்குற ஒரு ப்ளே) சைடுலைன் மேல இருந்து ஒரு தடவ, எண்ட்ஸோனுக்கு (களத்தோட கோடில இருக்குற ஸ்கோர் பண்ற பகுதி) பின்னாடி உயரத்துல இருந்து ஒரு தடவ பாக்கலாம். அதோட ஒரு ப்ளேயரோட ஸ்னாப்ப மட்டும் தனியா பிரிச்சு எடுக்க ஒரு ஃபில்டர், வாராவாரம் 100க்கு ஒரு மார்க்கு, அப்புறம் பிரஷர் கணக்கு, அதாவது குவாட்டர்பேக்க எத்தன தடவ நெருக்குனான்னு. இந்த மாதிரி ஃபிலிம் முன்னாடியெல்லாம் டீமுக்குள்ளயே தான் இருக்கும், 2012ல தான் லீக் மொத தடவையா காசு கட்டுற ரசிகர்களுக்கு தொறந்து விட்டுச்சு, இன்னைக்கு இது இவ்ளோ சுலபமா கைல கிடைக்குதுங்கறதே எனக்கு இன்னும் ஆச்சரியம் தான்.

நான் வாங்குனதுக்கு காரணம் என் அக்கா பையன். 3வது கேம் முடிஞ்ச ராத்திரி ஃபோன் பண்ணி "மாமா, இவன் தேற மாட்டான் மாமா, மூணு கேம் முடிஞ்சு போச்சு, ஒரு சேக் கூட இல்ல, அந்த பிக்க வேற டீமுக்கு குடுத்துட்டு ரெண்டு பிக்கா வாங்கியிருக்கலாம்"னு பொலம்புறான். நான் "இருடா, அவசரப்படாத"ன்னு சொன்னேனே தவிர, ஏன் அவசரப்படக்கூடாதுன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஏன்னா நானும் டிவில தான பாத்தேன். டிவி கேமராவுக்கு பந்து தான் முக்கியம், ஸ்னாப் ஆன ஒரு செகண்டு பையன் தெரிவான், பந்து கை விட்டு போனதும் கேமரா பந்து பின்னாடி ஓடிடும், அவன் ஜெயிச்சானா தோத்தானான்னு தெரியறதுக்குள்ள ஃப்ரேம விட்டே போயிருப்பான். ரீப்ளே போட்டாலும் பந்த பிடிச்சவனுக்கு தான் போடுவாங்க.

சரின்னு மறுநாள் சந்தா கட்டி, பழைய 3 கேமையும் மொதல்ல இருந்து போட்டேன். பையன் குவாட்டர்பேக்க நோக்கி பாஞ்ச ஸ்னாப்ப மட்டும் எடுத்து ஒவ்வொண்ணையும் ரெண்டு கோணத்துலயும் பாத்தேன்.

அதுல ஒரே ஒரு ஸ்னாப்ப மட்டும் சொல்றேன், அதுக்கு அப்புறம் தான் இந்த சந்தா எதுக்குன்னு எனக்கே புரிஞ்சுது. 3வது கேம், 2வது குவாட்டர், 3வது டவுன் (10 யார்டு போக கிடைக்குற 4 வாய்ப்புல மூணாவது), எதிர் டீமுக்கு 8 யார்டு வேணும். பையன் லெஃப்ட் டேக்கிளுக்கு (குவாட்டர்பேக்க காக்குற தடுப்பு வரிசைல இடது கோடி ஆளு) வெளிய நல்லா தள்ளி நிக்கிறான், ஒரு கை தரையில. பந்து அசைஞ்ச அதே நேரம் இவன் காலும் அசையுது, நம்ம லைன்ல மத்த மூணு பேரும் இன்னும் குனிஞ்ச நிலைலயே இருக்காங்க, அத ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்திப் பாத்தா அப்படியே தெரியுது. டேக்கிள் பின்னாடி ரெண்டாவது அடி வெச்சு முடிக்கிறதுக்குள்ள இவன் மூணாவது அடி வெச்சு அவன் தோளுக்கு நேரா வந்துட்டான். டேக்கிள் கைய நீட்டுறான், பையன் வெளிக்கையால அவன் மணிக்கட்டுல மேல இருந்து ஒரு வெட்டு, உடனே உள்கைய கீழ இருந்து மேல தூக்கி தோள இறக்கி வளைஞ்சு போறான், உடம்பு எந்த அளவுக்கு சாயுதுன்னா உள்பக்க ஷூவோட ஓரம் மட்டும் தான் புல்லுல இருக்கு. டேக்கிள் இப்ப இவன் முதுகுக்கு பின்னாடி. குவாட்டர்பேக்குக்கும் இவனுக்கும் நடுவுல ஆளே இல்ல, ஒரு எட்டு தான் பாக்கி, அந்த நேரத்துல பந்து கைய விட்டு போயிடுச்சு. என் ஃபோன் ஸ்டாப்வாட்ச்ல 2.3 செகண்டு. சாய்வா உள்ள ஓடுறவனுக்கு குட்டி ஸ்லாண்ட் பாஸ், 11 யார்டு, ஃபர்ஸ்ட் டவுன், அவங்களுக்கு மறுபடி 4 வாய்ப்பு. ஸ்கோர் ஷீட்ல பையனுக்கு பூஜ்யம். நாங்க அன்னைக்கு டிவில பாத்தப்போ அந்த ப்ளேக்கு பந்த பிடிக்கிறவன காவல் காக்குற கார்னர்பேக்க தான் திட்டிட்டு இருந்தோம்!

அத நான் பத்து தடவையாவது பாத்துருப்பேன். அக்கா பையனுக்கு ஸ்க்ரீன் ஷேர் பண்ணி காட்டுனேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "மாமா, இன்னொரு தடவ போடுங்க"ன்னான்.

இந்த மாதிரி ஸ்னாப்ப கணக்குல கொண்டு வரத்தான் ஈஎஸ்பிஎன்ல பாஸ் ரஷ் வின் ரேட்னு ஒண்ணு வெச்சுருக்காங்க, 2.5 செகண்டுக்குள்ள தடுக்கிறவன தாண்டிட்டா அது ஜெயிப்பு, குவாட்டர்பேக்க தொட்டானா இல்லையாங்கறது வேற விஷயம். ப்ளேயருங்க தோள்பட்டை பேட்ல வெச்சுருக்குற சிப்பு செகண்டுக்கு 10 தடவ அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லிட்டே இருக்கும், அந்த டேட்டாவ வெச்சு தான் இத எடுக்குறாங்க. சேக் அப்படி இல்ல, 1982ல இருந்து லீக் அதிகாரபூர்வமா எண்ணுது, ஆனா சேக்ங்கறது ஒருத்தன் வேலை மட்டும் இல்ல, பின்னாடி கவரேஜ் (பந்த பிடிக்க ஓடுறவங்கள ஒட்டி நிக்கறது) நல்லா இருக்கணும், குவாட்டர்பேக் பந்த வெச்சுக்கிட்டு நிக்கணும், பக்கத்துல இருக்குறவன் உள்ள தள்ளி குவாட்டர்பேக்க முன்னாடி தப்பிக்க விடாம பண்ணணும், இதெல்லாம் சேந்து வந்தா தான் சேக்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும்ல, 5வது கேம்ல பையனுக்கு மொத சேக் கிடைச்சுது. ஃபோன் வந்துருச்சு, "பாத்தீங்களா மாமா! பாத்தீங்களா!"ன்னு ஒரே கத்தல். எனக்கும் சந்தோஷம் தான், கண்ணு கலங்குனது நெசம். ஃபிலிம் வந்ததும் பாத்தா, எதிர் டீம் டேக்கிளும் ரன்னிங் பேக்கும் (பந்த தூக்கிட்டு ஓடுறவன்) ரெண்டு பேருமே உள்ள வந்த நம்ம லைன்பேக்கர (லைனுக்கு பின்னாடி நிக்கிற டிஃபன்ஸ் ஆளு) பிடிக்க போயிட்டாங்க, நம்ம பையன தொடவே ஆள் இல்ல, நேரா ஓடிப்போய் கட்டிப்பிடிச்சு விழுந்தான். அந்த எடத்துல வேற யார் நின்னுருந்தாலும் கிடைச்சிருக்கும். அந்த கேம்ல மத்த ஸ்னாப்லாம் பாத்தா இதுவரைக்கும் அவன் ஆடுனதுலயே மோசமான கேம் அது தான், ஒரே டேக்கிள் அவன திரும்பத் திரும்ப வெளிய தள்ளிக்கிட்டே போயிருக்கான். ஆனா சர்வீஸ்ல அந்த வாரம் அவனோட மார்க்கு தான் ஒரேயடியா ஏறி நின்னுச்சு. அங்க தான் எனக்கு இவங்க மார்க்கு மேல இருந்த நம்பிக்கை போச்சு. ஏன் ஏறுச்சு, எந்த ஸ்னாப்புக்கு எவ்ளோன்னு ஒரு வரி விளக்கம் கிடையாது, மெயில் போட்டு கேட்டேன், பொதுவான ஒரு பதில் வந்துச்சு, கேட்ட கேள்விக்கு அதுல ஒண்ணும் இல்ல.

அப்ப எத பாத்து எடைபோடறது? விளையும் பயிர் முளையிலே தெரியும்னு நம்ம ஆளுங்க சொன்னது சரி தான், ஆனா முளைல பாக்க வேண்டியது கதிரு இல்ல. நான் பாக்குறது மொத அடி, ஸ்னாப்போட சேந்து கிளம்புறானா இல்ல அடுத்தவன் அசைஞ்சத பாத்து கிளம்புறானா. அப்புறம் கை. காலேஜ்ல இவனுங்க உடம்ப வெச்சே ஜெயிச்சுருப்பாங்க, இங்க டேக்கிளும் அதே அளவு ஆளு, கை சும்மா இருந்தா நெஞ்சுல பிடிச்சுட்டான்னா கதை முடிஞ்சுது. நாலாவது குவாட்டர்ல முதல் குவாட்டர் மாதிரியே ஓடுறானாங்கறதையும் பாப்பேன், அது டிவிலயே ஓரளவு தெரியும்.

ஆனா எல்லாத்தையும் விட பெருசு, ரெண்டாவது மூவ், அதாவது தடுக்கிறவன தாண்டுற ரெண்டாவது உத்தி. இத கொஞ்சம் விரிவா சொல்றேன். ஒரு ரூக்கி வர்றப்போ அவன்கிட்ட ஒரு நல்ல மூவ் இருக்கும், அந்த மூவுக்காக தான் அவன எடுத்துருப்பாங்க. நம்ம பையனுக்கு வெளிப்பக்கமா வளைஞ்சு போறது. மொத மூணு கேம்ல அது எல்லார்கிட்டயும் எடுபட்டுச்சு, ஏன்னா எதிர் டீம் கோச்சுங்ககிட்ட இவனோட என்எஃப்எல் ஃபிலிமே அவ்வளவா இல்ல. நாலாவது கேம் வந்ததும் அவங்களும் இதே ஆல்-22வ பாத்துட்டு வந்துட்டாங்க. டேக்கிள் முன்ன மாதிரி பின்னாடி போறதுக்கு பதிலா ஸ்னாப் ஆனதும் சட்டுனு முன்னாடி வந்து கை போட ஆரம்பிச்சான், சில ஸ்னாப்ல டைட் எண்ட் (தடுக்கவும் பந்த பிடிக்கவும் செய்யுறவன்) ஒருத்தன் போற போக்குல ஒரு இடி இடிச்சுட்டு போறான், சில ஸ்னாப்ல குவாட்டர்பேக் பின்னாடி மூணே அடி வெச்சு பந்த வீசிடறான். பையன் தடுமாறுனான், 4வதும் 5வதும் அப்படித்தான் போச்சு. இங்க தான் ரசிகன் கைவிடற எடம், இங்க தான் கைவிடக்கூடாது. அடுத்தவன் பதில் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் இவன் என்ன பண்றாங்கறது தான் நான் காத்திருந்து பாத்த விஷயம்.

6வது கேம்ல மொத ரெண்டு டிரைவ்ல (பந்து ஒரு டீம்கிட்ட தொடர்ந்து இருக்குற நேரம்) பழையபடியே வெளிய போய் மாட்டிக்கிட்டான். மூணாவது டிரைவ்ல வெளிய போற மாதிரி ரெண்டு அடி எடுத்து வெச்சான், டேக்கிள் எடைய மொத்தமா வெளிக்காலுக்கு மாத்துனான், அந்த நொடில இவன் கால ஊனி உள்பக்கமா வெட்டி கார்டுக்கும் (டேக்கிளுக்கு உள்பக்கத்துல நிக்கிறவன்) டேக்கிளுக்கும் நடுவுல புகுந்தான். குவாட்டர்பேக் பந்த வெளிய தூக்கி எறிஞ்சான், ஸ்கோர் ஷீட்ல மறுபடியும் பூஜ்யம் தான். ஆனா அடுத்த தடவ அதே டேக்கிள் உள்ளயா வெளியவான்னு ஒரு நொடி தயங்குறான் பாருங்க, அந்த தயக்கம் எண்ட்ஸோன் கோணத்துல தோள் அசையறதுல தெரியும், அந்த தயக்கத்துல தான் பையன் நேரா நெஞ்சுல கைய வெச்சு அவன பின்னாடி தள்ளிட்டு போய் குவாட்டர்பேக் மடிலயே உக்கார வெச்சான். ஒரு சேக்க விட அந்த ரெண்டு ஸ்னாப் எனக்கு பெருசு.

வரலாறு பாத்தாலும் அப்படித்தான் இருக்கு, சில பாஸ் ரஷ்ஷருங்களோட சேக் கணக்க பாருங்க (.5ன்னா ரெண்டு பேர் சேந்து எடுத்தது). மைக்கேல் ஸ்ட்ராஹன் 1993ல ரூக்கியா ஒரே ஒரு சேக் தான், 2001ல ஒரே சீசன்ல 22.5. ஜே.ஜே. வாட் 2011ல 5.5, அடுத்த வருஷமே 20.5. கலீல் மேக் 2014ல 4 தான், 2015ல 15, அதுல 5 ஒரே கேம்ல. திருப்பி பாத்தா ஜெவான் கியர்ஸ் 1999ல ரூக்கியா 14.5 எடுத்தாரு, நல்லா தான் ஆடுனாரு, ஆனா அந்த நம்பர தாண்டவே இல்ல. விக் பீஸ்லி கதை இன்னும் குழப்பம், 2015ல 4, 2016ல 15.5 எடுத்து லீக்லயே முதல் எடம், அதுக்கு அடுத்த வருஷம் 5. சேஸ் யங் 2020ல 7.5 எடுத்து சிறந்த டிஃபன்ஸ் ரூக்கி விருது வாங்கினாரு, அடுத்த சீசன் 9 கேம்ல 1.5 சேக்கோட முட்டில லிகமெண்ட் கிழிஞ்சு உக்காந்துட்டாரு, அத எந்த ஃபிலிம்ல பாத்து யாரு சொல்லியிருக்க முடியும்? 2008ல ஜெட்ஸ் டீம் 6வது பிக்ல எடுத்த வெர்னன் கோல்ஸ்டன் மாதிரி 3 சீசன் ஆடி ஒரு சேக் கூட எடுக்காம போனவங்களும் உண்டு, அதனால பூஜ்யத்த பாத்து பயமே வேணாம்னும் நான் சொல்ல வரல. எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் 2024ல ஜாரெட் வெர்ஸ், ராம்ஸ் டீம்ல சீசன் முழுக்க 4.5 சேக் தான், ஆனா சிறந்த டிஃபன்ஸ் ரூக்கி விருது அவருக்கு தான் குடுத்தாங்க. ஓட்டு போட்டவங்க சேக்க தாண்டி பாத்துருக்காங்க, அந்த வருஷம் அவர் டேக்கிளுங்கள பின்னாடி தள்ளிட்டு போறத பாத்தவங்களுக்கு அது ஏன்னு தெரியும்.

சரி, திரும்ப சர்வீஸுக்கு வர்றேன். குறை இருக்கு, அதையும் ஒழுங்கா சொல்லணும். ஞாயித்துக்கிழமை கேமோட ஃபிலிம் எனக்கு பெரும்பாலும் புதன்கிழமை தான் வந்துச்சு, ஒரு வாரம் வியாழன் வரைக்கும் வரல, அடுத்த கேமே ஆரம்பிச்சுடுச்சு. ஸ்னாப் ஃபில்டர் பல நேரம் தப்பு, பையன் பெஞ்ச்ல இருக்குற ஸ்னாப் உள்ள வருது, அவன் கவரேஜ்ல பின்னாடி ஓடுன ஸ்னாப்பையும் பாஸ் ரஷ்ஷுல சேத்துருக்காங்க. இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா வகுக்குற எண்ணிக்கையே தப்பா இருந்தா சதவீதம் எல்லாம் தப்பு. 2வது கேம்ல நாங்க 3வது குவாட்டர்லயே நல்லா பின்தங்கிட்டோம், எதிர் டீம் பந்த வீசாம தூக்கிட்டு ஓடியே நேரத்த கடத்துனாங்க, பையனுக்கு குவாட்டர்பேக்க தொரத்துற வாய்ப்பே நான் எண்ணுனதுல 14 தான், அவங்க கணக்குல 19னு இருக்கு. நானே உக்காந்து ஒரு நோட்டுல கோடு போட்டு எண்ணுனேன். பிரஷர் கணக்கும் இதே மாதிரி தான், லீக்ல இதுக்குன்னு அதிகாரபூர்வ வரையறை கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க கண்ணுக்கு பட்டத எண்ணுறாங்க, அதனால ஒரு எடத்து நம்பர இன்னொரு எடத்து நம்பரோட ஒப்பிடவே செய்யாதீங்க. ஃபோன் ஆப்ல ஃப்ரேம் ஃப்ரேமா பின்னாடி போக முடியல, லேப்டாப்ல தான் முடியுது, ஸ்னாப்போட மொத அடிய பாக்க வாங்குறவனுக்கு அது தான உயிர்!

யாருக்கு இது தேவைன்னு கேட்டா, ஒரு ப்ளேயர மனசுல வெச்சு வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது உக்கார முடிஞ்சா வாங்குங்க, கண்டிப்பா வாங்குங்க. சும்மா நம்பர் மட்டும் பாக்கணும்னா காசு கட்டாதீங்க, ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ்ங்கற சைட்ல 2018ல இருந்து பிரஷர் கணக்கு இலவசமாவே இருக்கு, அது போதும். வருஷ சந்தா வேணாம், மாசக் கணக்குல கட்டுங்க, செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரில நிறுத்திக்கலாம். கைல லேப்டாப் இல்லாதவங்க ட்ரயல் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

என் மார்க்கு: ஃபிலிமுக்கு 5க்கு 5, எண்ட்ஸோன் கோணம் ஒண்ணுக்காகவே குடுக்கலாம். ஃபில்டருக்கு 2.5. அவங்க குடுக்குற வார மார்க்குக்கு 1, அந்த பக்கத்த நான் இப்ப தொறக்கறதே இல்ல. மொத்தமா 3.5.

நான் டிசம்பர் வரைக்கும் நீட்டிச்சுருக்கேன். காலேஜ்ல 12, 13 கேம் ஆடி பழகுன உடம்பு, இங்க 17 கேம், அதுவும் காலேஜ் சீசன் முடிஞ்ச கையோட பிப்ரவரில கம்பைன் (டிராஃப்டுக்கு முந்துன உடல்திறன் சோதனை), ஏப்ரல்ல டிராஃப்ட், ஜூலைல பயிற்சி கேம்ப்னு ஓய்வே இல்லாம ஓடி வந்த பையன், 12வது கேமுக்கு மேல அந்த மொத அடி இதே வேகத்துல இருக்கான்னு பாக்கணும். அக்கா பையன் இப்பல்லாம் சேக் எத்தனன்னு கேட்டு ஃபோன் பண்றதில்ல, புதன்கிழமை ராத்திரி ஆனா "மாமா, ஃபிலிம் வந்துருச்சா?"ன்னு மெசேஜ் வருது.